சஹர் நேரத்து இணைப்பு

காலையில் ஃபஸீலா கண் விழித்தபோது வீடு முழுக்கக் கருவாட்டு வாடை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பாத்திரக் கடை அபுபக்கர் வீட்டில் கருவாடு சமைக்க மாட்டார்கள். ஒரே மகன் ஜாபிருக்கு அது ஆகாது. ஏழு வயதில் பக்கத்து வீட்டில் ஒரு துண்டு வாங்கித் தின்றுவிட்டு, உதடு வீங்கி, மூச்சு முட்டி, கண் சொருகிவிட்டது. தாய் சௌதா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்புகூட இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். இந்தக் கதையை, ஃபஸீலா கல்யாணமாகி வந்த அன்றே ஆளுக்கொரு தரம் சொல்லிவிட்டார்கள். பெரியவனான பிறகும் அது தீரவில்லை. ஒரு விருந்தில் கரண்டி மாறிப் போனதற்கே ஊசி போட வேண்டியிருந்தது.

அப்பேர்ப்பட்ட வீட்டில் சில வாரமாகக் கருவாட்டுக் குழம்பு கொதிக்கிறது. வைப்பது வேறு யாருமில்லை, அதே சௌதாதான்.

ஃபஸீலா இதைப் பற்றி மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? மகன் இனி வரமாட்டான் என்று மாமி முடிவு கட்டிவிட்டாள். வாயால் சொல்ல மனசு வராமல் சட்டியில் போட்டுக் காட்டுகிறாள். அந்த வாடை வந்த நாளெல்லாம் ஃபஸீலாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தக் குடும்பத்தை வாராவாரம் பார்த்து வருகிறவர்களுக்கு ஜாபிரைத் தெரியும். இன்றுதான் வாசற்படி ஏறியவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜாபிர் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கேமரா மாட்டுகிறவன், இன்டர்நெட் லைன் இழுக்கிறவன். ஆலங்குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் கல் குவாரியில் அவன் மாட்டிய கேமராவில், பார்க்கக் கூடாத ஒன்று பதிவாகிவிட்டது. செத்தது ஒரு கூலிக்காரன். விபத்து என்றார்கள் குவாரிக்காரர்கள். இல்லை என்று கோர்ட்டில் சொல்ல ஒப்புக்கொண்டான் ஜாபிர். சாட்சி சொல்லவேண்டிய நாளுக்கு முதல் நாள், "செத்த நேரத்துல வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனவன்தான். வருஷம் ஒன்று ஆகப் போகிறது. பதிவும் கிடைக்கவில்லை, அவனும் கிடைக்கவில்லை. வழக்கு வாய்தா மேல் வாய்தா வாங்கிக்கொண்டு கிடக்கிறது.

போன வாரம் ஃபஸீலா ஒரு தீர்மானத்துக்கு வந்தாள். ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங் படிப்பது. பூட்டிக் கிடக்கும் புருஷனின் கடையைத் தானே திறப்பது. முப்பத்தேழு வயசில் என்ன படிப்பு என்று சௌதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமனார் அபுபக்கர்தான், "போயிட்டு வா தாயி, வீட்டுக்குள்ளயே கெடந்து என்னத்தைக் கண்டே?" என்று முடித்துவைத்தார்.

இன்று திங்கட்கிழமை. முதல் வகுப்பு.

ஃபஸீலா புர்காவை மாட்டிக்கொண்டு, ஜாபிரின் சாமான் பையைத் தோளில் போட்டாள். வயர் வெட்டும் கத்தரி, கிரிம்பிங் டூல், டெஸ்டர் என்று சகலமும் அதில்தான். கறுப்பு நிறம், ஜிப் பாதி பிய்ந்திருக்கும், நல்ல கனம்.

"ஏட்டி, அந்தப் பையை எதுக்குத் தூக்குதே?" சௌதா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"டூல்ஸ் இருந்தா கொண்டுவரச் சொல்லியிருக்காங்க மாமி."

"இல்லாதவங்க என்ன செய்வாங்களோ அதைச் செய்யி. அது இங்கன கெடக்கட்டும்."

"வாங்கணும்னா எம்புட்டு செலவு? இருக்கிறதை வச்சுக்கிட்டு..."

"சொன்னாக் கேளு. வச்சிட்டுப் போ."

சௌதாவின் கை பையின் வாரைப் பிடித்திருந்தது. நோன்பு வைத்த முகம் காலையிலேயே வாடியிருந்தது. மகன் போனதிலிருந்து திங்களும் வியாழனும் அவள் நோன்பு. விடியுமுன் எழுந்து தனியாக சஹர் சாப்பாடு சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, பள்ளிவாசல் பாங்குக்கு முன் வாயைக் கட்டிவிடுவாள். வேறு யாரையும் எழுப்ப மாட்டாள்.

மகன் தொட்டதையெல்லாம் அவள் அப்படியே காத்து வருகிறவள் என்பது ஃபஸீலாவுக்குத் தெரியும். அவன் ஐந்து நிமிஷம் முன்னால் ஓடவிட்ட கடிகாரம் இன்னும் அப்படியேதான் ஓடுகிறது. இன்டர்நெட் கம்பெனி ஆள் வந்து பாஸ்வேர்டை மாற்றச் சொன்னபோது, "எம்மவன் வச்சதை மாத்தாதீய" என்று அவனை வாசலோடு அனுப்பியவள். பையும் அப்படித்தான் என்று நினைத்தாள் ஃபஸீலா.

"பத்திரமா கொண்டுவந்துருவேன் மாமி" என்று மெதுவாக வாரை விடுவித்துக்கொண்டாள்.

அபுபக்கர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "சௌதா, பின்னாடி குடோன் சாவி எங்க? வாடகைக்கு ஒரு ஆள் கேக்கான். நாளைக்குப் பாக்க வருவான். இன்னைக்குத் தூசி தட்டிப் போடணும்."

"சாவியா? அது... தொலைஞ்சு போச்சு."

"எப்ப?"

"எனக்கென்ன தெரியும்? கெடந்துச்சு, காணோம்."

"நல்ல குடும்பம்" என்று அபுபக்கர் சிரித்தார். "சாவியும் காணோம்னா எங்கன போய்த் தேட?"

சொன்ன பிறகுதான் அந்த 'உம்' அவருக்கே உறைத்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

ராஜபாளையம் பஸ்ஸில் நல்ல கூட்டம். ஆண்டாள் கோயில் கோபுரம் பின்னால் போய், மேற்கே மலை கூடவே வந்தது. மழை மேகம் மலையின் பாதி வரை இறங்கியிருந்தது. ஃபஸீலா கம்பியைப் பிடித்து நின்றாள். பையின் கனம் தோளை இழுத்தது.

"குடுங்க, மடியில வச்சுக்கிடுதேன்."

பக்கத்து ஸீட்டில் ஓர் ஆள். நம் ஊர் பஸ்ஸில் இது சாதாரணம். உட்கார்ந்திருப்பவர் நிற்பவரின் சுமையை மடியில் வாங்கிக்கொள்வது யாரும் யாருக்கும் செய்வது. ஆனால் பெண்ணின் பையைப் பெண்தான் கேட்பாள்.

"இருக்கட்டும்ணே, அடுத்த ஸ்டாப்புதான்" என்று ஃபஸீலா பொய் சொன்னாள்.

"கனமா இருக்கே, குடுங்க." கை நீண்டு வாரைத் தொட்டுவிட்டது.

முன்னால் ஒரு ஸீட் காலியாகவே ஃபஸீலா நகர்ந்து போய் உட்கார்ந்துகொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. நல்லவராகக்கூட இருக்கலாம், எதற்கு வீணாக ஒருத்தரைச் சந்தேகப்படுவது என்று தன்னையே கடிந்துகொண்டாள். இவளைப் போன்றவர்களை என்ன செய்வது? பயம் வரவேண்டிய இடத்தில் வெட்கப்படுகிறார்கள்.

பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு மருந்துக் கடை மாடியில் வகுப்பு. படியேறிப் போனவள் வாசலிலேயே நின்று பார்த்தாள். எல்லாம் சின்ன வயசுப் பிள்ளைகளாக இருக்கும் என்று பயந்திருந்தாள். பரவாயில்லை, முன் பெஞ்சில் ஒரு வழுக்கைத் தலை தெரிந்தது. சங்கரலிங்கம், கேபிள் டிவி ஆபரேட்டர், ஐம்பதைத் தாண்டியவர்.

"இப்ப கேபிள் எவன் பாக்கான்? அம்புட்டுப் பேரும் போன்லதான் பாக்கான்" என்றார் அவர் தானாகவே. "அதான் அந்தப் போன் எப்படித்தான் வேலை செய்யுதுன்னு பாத்துருவோம்னு வந்துட்டேன். நீ எதுக்கும்மா வந்தே?"

"வீட்டுக்காரர் கடையை நடத்தணும்."

"அவர் எங்க?"

ஃபஸீலா பதில் சொல்லுமுன் டீச்சர் வந்துவிட்டாள். ஹெப்சிபா. ஒல்லியான பெண். குரல் மட்டும் கடைசி பெஞ்சைத் தாண்டிப் போகும்.

முதலில் வயர். எட்டு இழையையும் வரிசைப்படி அடுக்கிப் பிளாஸ்டிக் முனையில் சொருகி அழுத்த வேண்டும். வரிசை தப்பினால் லைன் வராது. ஃபஸீலா ஜாபிரின் கிரிம்பிங் டூலைக் கையில் எடுத்தாள். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம். சாப்பிட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்து வயரைச் சீவும்போது அவன் வாய்க்குள் முணுமுணுப்பது இதைத்தானா? இத்தனை வருஷம் ஏதோ துஆ ஓதுகிறான் என்றல்லவா நினைத்திருந்தாள்! அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. இழை இரண்டு தடவை கை நழுவியது. மூன்றாவது தடவை டெஸ்டரில் விளக்கு வரிசையாகப் பச்சை எரிந்தது.

"வந்துருச்சு!" என்று கத்திவிட்டாள். சங்கரலிங்கம் கை தட்டினார். அந்த ஒரு வருஷத்தில் ஃபஸீலா சந்தோஷமாகக் கத்தியது அது ஒன்றுதான்.

அதோடு அந்த நாள் முடிந்திருக்கலாம்.

ஹெப்சிபா அடுத்த பாடத்துக்குப் போனாள். "உங்க வீட்டு வைஃபை பெட்டி இருக்கே, ரூட்டர், அது வாசல்ல உக்காந்திருக்கிற காவல்காரன் மாதிரி. யார் வந்தா, எப்ப வந்தா, எல்லாம் அதுக்குத் தெரியும். உங்க போன்ல அந்த ரூட்டரோட ஆப் இருக்கிறவங்க திறந்து பாருங்க. இங்க இருந்தே வீட்டைப் பாக்கலாம்."

ஃபஸீலாவின் போனில் இருந்தது. ஜாபிர் போட்டுக் கொடுத்தது. அவன் போன பிறகு அவள் அதைத் தொடவில்லை.

திறந்தாள். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஜாபிர் தானே பெயர் வைத்திருந்தான். 'அத்தா', 'அம்மா', 'பஸி', 'டிவி' என்று ஆங்கில எழுத்தில் தமிழ். பஸி என்று அவளைக் கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான். அந்தப் பெயரை விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தாள்.

கடைசியில் இன்னொரு பெயர் இருந்தது. 'நான்.'

அது அவனுடைய போன். போன அன்று அவன் சட்டைப் பையில் இருந்தது. அன்றே அணைந்து போனதாகப் போலீஸ் சொன்ன போன்.

பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது: கடைசியாக இணைந்தது, இன்று அதிகாலை.

ஃபஸீலா போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். மறுபடி எடுத்தாள். எழுத்து மாறவில்லை. விரல் தானாகப் பழைய நாட்களைத் தள்ளிப் பார்த்தது. போன வியாழன், அதிகாலை. போன திங்கள், அதிகாலை. அதற்கு முந்திய வியாழன். பின்னால் போகப் போக வேறு கிழமையே இல்லை.

வகுப்பு கலைந்ததும் ஹெப்சிபாவைத் தனியாகப் பிடித்தாள். விஷயத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் முகமும் மாறியது.

"சிம் இல்லாம போன் வைஃபைல சேருமா மேடம்?"

"சேரும். பாஸ்வேர்ட் பழசுன்னா கேக்கவே கேக்காது. தானா ஒட்டிக்கிடும்."

"எம்புட்டு தூரத்துல இருந்து?"

"வீட்டுச் சுவர் எப்படி?"

"பழைய கல் சுவர்."

"அப்ப ரொம்ப தூரம் போகாதுக்கா. வீட்டுக்குள்ள, பின்கட்டு, ஒட்டின கட்டடம். அம்புட்டுதான்."

ஃபஸீலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அவிய வந்திருக்காங்கதானே? உயிரோட இருக்காங்க. வீட்டுப் பக்கமே இருக்காங்க. சொல்லுங்க மேடம்."

ஹெப்சிபா அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள். "அக்கா, உங்களை வருத்தப்படுத்தணும்னு சொல்லலை. நெட்வொர்க்குக்குக் கருவியைத்தான் தெரியும். அதை யார் கையில வச்சிருக்காங்கன்னு அதுக்குத் தெரியாது. போலீஸ்ல சொல்லிட்டுப் பொறவு வீட்டுக்குப் போங்க."

அப்புறம் அவள் ஆப்பில் ஒரு வசதியைப் போட்டுக் கொடுத்தாள். இனி 'நான்' என்ற கருவி எப்போது இணைந்தாலும் ஃபஸீலாவின் போனில் மணி அடிக்கும்.

ஃபஸீலா போலீஸுக்குப் போகவில்லை. புத்தியுள்ளவள்தான். ஆனால் ஒரு வருஷம் கழித்துப் புருஷன் உயிரோடிருக்கிறான் என்று கேள்விப்பட்டவளிடம் போய் நியாயம் பேச முடியுமா? திரும்பும் பஸ்ஸில் அவள் மனசெல்லாம் ஒரே கணக்குத்தான். திங்கள், வியாழன். விடியுமுன். அந்த வீட்டில் அந்த நேரத்தில் விழித்திருப்பது ஒரே ஒரு ஆள்.

மாமிக்குத் தெரியும். மாமிக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சந்தோஷமும் கோபமும் ஒன்றாக ஏறின. பையை மடியில் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சௌதா நோன்பு திறக்கத் தட்டில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஃபஸீலாவின் தோளில் பையைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது.

"கொண்டாந்துட்டியா. இங்க குடு."

ஃபஸீலா கொடுக்கவில்லை. அடுப்படிக் கதவைச் சாத்தினாள். போனைத் திறந்து மாமியாரின் கண்ணுக்கு நேரே நீட்டினாள்.

"இது உங்க மகன் போனு மாமி. இன்னைக்கு சஹர் நேரத்துல நம்ம வீட்டு வைஃபைல இருந்திருக்கு. வியாழக்கிழமையும் இருந்திருக்கு. அவிய எங்க இருக்காங்க?"

சௌதா தட்டைக் கீழே வைத்தாள். உட்கார்ந்தாள். மறுப்பாள் என்று ஃபஸீலா எதிர்பார்த்தாள். அவளோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். பாரம் இறங்கிய அழுகை அது.

"எம்புட்டு நாளா ஒன்கிட்டச் சொல்லணும்னு துடிச்சேன் தெரியுமாட்டி? அவன்தான் சொல்லக் கூடாதுன்னுட்டான்."

"இருக்காங்களா?" ஃபஸீலா அவள் தோளைப் பிடித்தாள். "மாமி, இருக்காங்களா?"

"இருக்கான். அல்லா என் நோன்பை ஏத்துக்கிட்டான், கபூலாக்கிட்டான். ரெண்டு மாசத்துக்கு முந்தி ஒரு சஹருக்கு என் போன்ல மெசேஜ் வந்துச்சு. 'அம்மா, நான்தான். லைட்டை அமத்துங்க'ன்னு. குடோன் மறைவுல நின்னான். சாவியைக் கேட்டான், அடுப்படி ஜன்னல் வழியாக் குடுத்தேன். சஹருக்கு ஆக்குததுல தூக்குல போட்டு ஜன்னல்ல வைப்பேன். எடுத்துக்கிடுவான்."

"என்கிட்ட ஏன் சொல்லக் கூடாதாம்?"

"ஒம் பின்னால குவாரிக்காரங்க ஆள் போட்டிருக்காங்களாம். ஒனக்குத் தெரிஞ்சா ஒம் மொகத்துலயே தெரிஞ்சுருமாம். ஆனா ஒன்னையப் பத்தித்தான் எந்நேரமும் கேப்பான். எங்க போறே, யார்கிட்டப் பேசுதே, கோர்ட்டுல இருந்து ஆள் வந்துச்சான்னு. அம்புட்டுப் பாசம். இன்னைக்குக்கூட, நீ ராஜபாளையத்துக்குப் படிக்கப் போறேன்னு சொன்னேன். எந்த பஸ்சுன்னு கேட்டான்."

பஸ்ஸில் நீண்ட கை ஃபஸீலாவின் நினைவுக்கு வந்தது. வாரைத் தொட்ட விரல்கள்.

"பையைக் கேட்டாங்களா மாமி?"

"ஆமா. அவன் பழைய சாமானெல்லாம் கேட்டான், ஒண்ணொண்ணாக் குடுத்தேன். கடைசியா இந்தப் பை. அது ஒன் ரூம்ல இருக்கு, வகுப்புக்கு ஒன்னோட போனாலும் போகும்னேன், கோவிச்சுக்கிட்டான்."

ஃபஸீலா கீழே உட்கார்ந்தாள். அடுத்த கேள்வியைக் கேட்க அவளுக்கு விருப்பமில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"மொகத்தைப் பாத்தீங்களா?"

"இருட்டுல எப்படிட்டி? கையைத்தான் பாப்பேன்."

"பேசினாங்களா? அம்மான்னு வாயால ஒரு வார்த்தை?"

"பேசினா மாட்டிக்கிடுவேன்னு எழுதித்தான் அனுப்புவான்." சௌதாவின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "நான் ஜன்னல்கிட்ட நின்னு பேசுவேன். அவன் கேட்டுக்கிட்டு இருப்பான். தாய்க்குத் தெரியாதா?"

நெட்வொர்க்குக்குக் கருவியைத்தான் தெரியும் என்று ஹெப்சிபா சொன்னது ஃபஸீலாவின் காதில் கேட்டது. அடுப்பு மேடையில் கழுவிக் கவிழ்த்த தூக்குச் சட்டி தெரிந்தது. வீட்டிலிருந்து வாடை இன்னும் முழுசாகப் போகவில்லை.

"மாமி, கருவாட்டுக் குழம்பு யாருக்கு?"

"அவன்தான் கேட்டான்." சௌதா சட்டென்று தலை நிமிர்ந்தாள். "நாக்கு செத்துப் போச்சு, கருவாட்டுக் குழம்பு வைங்கன்னு. நானும் பயந்தேன். வயசானா சில பேருக்கு அது மாறிரும்னு சொல்லுவாங்கள்லா? மாறிருச்சு போலன்னு... சட்டியை வழிச்சுத் தின்னுருந்தான். ஒண்ணும் ஆகலை. நாலு வாரமா வைக்கேன், ஒண்ணும் ஆகலை."

"போன பெருநாளைக்கு முந்தின பெருநாள், விருந்துல கரண்டி பட்டதுக்கே ஊசி போட்டோம் மாமி. நீங்கதான் அவிய தலையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தீங்க."

சௌதாவின் கண் தூக்குச் சட்டிக்குப் போயிற்று.

மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு ஓடியவள் அவள். இந்த ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். தெரிந்த அதை இத்தனை வாரம் கையால் பொத்தி வைத்திருந்தாள். இப்போது கை தளர்ந்தது. தன் கையால் ஆக்கி, தன் கையால் வைத்த சோற்றையெல்லாம் அவள் எண்ணிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"அப்ப எம் பிள்ளை எங்கட்டி?" என்றாள் கடைசியில்.

புருஷனின் போன் யாரோ ஒருவன் கையில் இருக்கிறது. ஜாபிர் அதைத் தானாகக் கொடுத்திருக்க மாட்டான். வந்தவன் தேடுவது அந்தக் குவாரிப் பதிவைத்தான், அதற்குத்தான் பழைய சாமானும் பையும். பகலில் அவளுக்குத் திரும்பக் கிடைத்த புருஷனை, பொழுது சாயுமுன் யாரோ பிடுங்கிக்கொண்டார்கள்.

"மாமி, எந்திரிங்க. மாமா கடையில இருந்து வந்த ஒடனே போலீசுக்குப் போவோம். அது வரைக்கும் பின்கட்டுப் பக்கம்..."

"ஒம் மாமாதான் வந்துட்டாங்களே" என்றாள் சௌதா, எங்கோ பார்த்துக்கொண்டு. "நீ வாரதுக்குச் செத்த முந்தி. கடையில பழைய சாவிக்கொத்துல குடோனுக்கு இன்னொரு சாவி கெடந்துச்சாம். தூசி தட்டிட்டு பாங்குக்கு முந்தி வாரேன்னு வெளக்குமாத்தை எடுத்துக்கிட்டு..."

ஃபஸீலாவின் கையில் இருந்த போன் மணி அடித்தது. திரையில் ஒரே ஒரு வரி.

'நான்' இப்போது இணைப்பில்.

"மாமா!" ஃபஸீலா அடுப்படிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். "மாமா, திறக்காதீய! உள்ள போகாதீய!"

பின்கட்டில் கால் வைக்கும்போதே குடோன் கதவு தரையில் உரசித் திறக்கிற சத்தம் கேட்டது. பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்தது, அவள் குரல் அதில் அமுங்கிப் போயிற்று. திறந்த கதவுக்குள் மாமனாரின் வெள்ளைச் சட்டை முதுகு மட்டும் தெரிந்தது. அவர் கையிலிருந்து விளக்குமாறு நழுவிக் கீழே விழுந்தது.

இருட்டைப் பார்த்து, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, அபுபக்கர் கேட்டார்.

"ஏலே ஜாபிரு... நீயாலே?"